சொதியில் போடும் மஞ்சள் மனச்சோர்வைப் போக்குமா?

போன மாதம் பரந்தனில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குசினித் தட்டில் மஞ்சள்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் இன்னொரு போத்தல் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், பொன்னிற மூடி. கனடாவிலிருக்கும் மருமகள் பொதியோடு அனுப்பியது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டுமாம்.

"தம்பி, இது மஞ்சள்தான் எண்டு சொல்லுறாள். மனசுக்கு நல்லதாம், யோசனையைக் குறைக்குமாம். மஞ்சள்தான் எண்டால் நான் ஒவ்வொரு நாளும் சொதியில போடுறன்தானே? அப்ப ஏன் எனக்கு இன்னும் இந்த யோசனை?"

சின்னம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் மஞ்சளைப் பற்றி இப்போது கைத்தொலைபேசிகளில் சுற்றும் அத்தனை வீடியோக்களையும் அந்த ஒரே கேள்வி மடக்கிவிடும். அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'யோசனை' என்ற சொல். வன்னியில் மனச்சோர்வு என்ற சொல்லை ஆஸ்பத்திரிக்கு வெளியே அதிகம் பேர் பேசுவதில்லை. யோசனை என்பார்கள். நித்திரை வருதில்லை, நெஞ்சு அடைக்குது, ஒரே பெருமூச்சாக் கிடக்கு, நாரி உளையுது, மேலெல்லாம் ஏலாது. மனம் படுகிற பாட்டை உடம்பு வந்து சொல்லும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் வன்னி மக்கள் பட்டதைத் தனி ஒருவரின் நோயாக மட்டும் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயம் அது என்று எழுதியிருக்கிறார். 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 22.2 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 32.6 சதவீதம் பேரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இவை கூடுதல். அது வன்னிக்கணக்கு அல்ல. ஆனால் வன்னியைத் தெரிந்தவர்கள் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

நோவு உடம்பில் தெரிகிறபோது உடம்புக்கு மருந்து தேடுவது இயல்பு. அந்தத் தேடலில் குசினித் தட்டுக்குக் கை போவதும் இயல்புதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனதுக்கு மஞ்சள் என்பது எங்கள் ஆச்சிமார் சொன்ன வைத்தியம் இல்லை.

எங்கள் ஆச்சிமார் மஞ்சளை எதற்கெல்லாம் எடுத்தார்கள்? வயலுக்குள் நின்று கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால் வேப்பெண்ணெயோடு மஞ்சள். அடிபட்டு வீங்கினால் மஞ்சளும் உப்பும் சூடுகாட்டிப் பற்று. அம்மாள் வருத்தம் வந்து தணிந்தால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் தலைக்கு வார்ப்பு. பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற சரக்கில் மிளகு, நற்சீரகம், மல்லி, உள்ளி, வேர்க்கொம்போடு ஒரு துண்டு மஞ்சள். இருமலுக்குப் பாலில் ஒரு சிட்டிகை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனால் கை நிறைய மஞ்சளும் வேப்பிலையும். மனம் குழம்பியவருக்கு நூல் கட்டினார்கள், நேர்த்தி வைத்தார்கள், வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். வைத்தியர் எடுத்ததும் பெரும்பாலும் வல்லாரை, நீர்ப்பிரமி மாதிரி மூலிகைகளைத்தான். மனச்சோர்வுக்கு மஞ்சள் என்ற எண்ணம் ஆய்வுகூடத்தில் எலிகளில் தொடங்கி, குளிசைக் கம்பனிகள் வழியாக வெளிநாடு சுற்றி, பாட்டி வைத்தியம் என்ற வேடத்தோடு எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்ததால் அது பிழை என்று ஆகிவிடாது. அந்த வேடத்தைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஆய்வுகூடம் என்ன சொல்கிறது? மஞ்சளுக்கு நிறத்தைக் கொடுப்பது குர்குமின். நீண்டகால மனச்சோர்வு உள்ள சிலருடைய உடம்பில் அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குர்குமின் அழற்சியைத் தணிப்பதாகச் சோதனைக்குழாயில் தெரிகிறது. எலிகளில் செரடோனின் போன்ற மூளை இரசாயனங்களையும் அது அசைக்கிறது. ஆக, மனிதரிலும் பார்க்கலாமே என்று தொடங்கினார்கள்.

அதிகம் பேசப்படும் சோதனை குஜராத்தின் பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்தது, 2014இல் பிரசுரமானது. 60 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கும் புளுவோக்செற்றீன், தினம் 20 மில்லிகிராம். இன்னொரு பகுதிக்கு 1000 மில்லிகிராம் குர்குமின். மூன்றாவது பகுதிக்கு இரண்டும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், புளுவோக்செற்றீன் எடுத்தவர்களில் 64.7 சதவீதம் பேருக்கும் குர்குமின் எடுத்தவர்களில் 62.5 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க சுகம். இரண்டும் எடுத்தவர்களில் 77.8 சதவீதம். "மாத்திரைக்குச் சமமான மஞ்சள்" என்ற தலைப்புகள் பிறந்த இடம் இதுதான்.

ஆனால் இருபது இருபது பேர் கொண்ட குழுக்கள் மிகச் சிறியவை. மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுக்குள்தான் இருந்தது. அதைவிட முக்கியம், வெற்றுக்குளிசை கொடுத்த குழு ஒன்று அங்கே இல்லை. மனச்சோர்வுச் சோதனைகளில் மருந்தே இல்லாத வெற்றுக்குளிசை எடுத்தவர்களிலும் பத்தில் மூன்று, நான்கு பேருக்குச் சுகம் தெரிவது வழக்கம். யாரோ கவனித்துக் கேட்கிறார்கள், வாரம் தவறாமல் கூப்பிடுகிறார்கள், நாள் போகிறது, நோயும் தானாகக் கொஞ்சம் இறங்குகிறது. வெற்றுக்குளிசைக் குழு இல்லாமல் மஞ்சளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வெற்றுக்குளிசையோடு ஒப்பிட்ட சோதனைகளும் உண்டு. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 56 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தார்கள். முதல் நாலு வாரம் வித்தியாசமே இல்லை, பின்பகுதியில் குர்குமின் குழு கொஞ்சம் முந்தியது. அதே ஆய்வாளர்கள் 2017இல் 123 பேரில் பன்னிரண்டு வாரம் பார்த்தபோது வெற்றுக்குளிசையைவிடக் குர்குமின் நன்றாக இருந்தது. ஆனால் குறைந்த அளவுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது. அளவைக் கூட்டினாலும் பலன் கூடாத மருந்து கொஞ்சம் யோசிக்க வைக்கும். இஸ்ரேலில் 40 பேருக்கு வழக்கமான மருந்தோடு குர்குமினைச் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. 2017இல் வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆராய்ச்சி முழுவதையும் கிண்டிப் பார்த்து, சோதனைக்குழாயில் இது எல்லாவற்றுக்கும் வேலை செய்வதுபோல் பொய்க்காட்டக்கூடிய சரக்கு என்று கடுமையாக எழுதினார்கள். முழுக்கப் பொய் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. சிறிய பலன் இருக்கலாம். டொக்டர் தரும் குளிசைக்குப் பதிலாக இதை எடு என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை.

இப்போது சின்னம்மாவின் கேள்விக்கு வருவோம். தினம் சொதியில் போடுகிறேனே?

மஞ்சள்தூளில் குர்குமின் சராசரியாக நூற்றுக்கு மூன்று பங்குதான். மிச்சம் மாப்பொருள், நார், எண்ணெய், நீர். ஒரு தேக்கரண்டி தூள் ஏறக்குறைய 3 கிராம், அதில் குர்குமின் 100 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு பேருக்கு வைக்கும் சொதிக்குச் சின்னம்மா போடுவது கால் தேக்கரண்டிகூட வராது, விரல் நுனியில் எடுத்து உதறுவார். ஒருவர் பங்குக்கு வருவது ஐந்தாறு மில்லிகிராம். பாவ்நகரில் கொடுத்தது 1000. அதை எட்ட ஒரு நாளைக்குப் பதினொரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். அப்படியும் சமமாகாது, ஏனென்றால் சோதனைகளில் கொடுத்தது உடம்பு உறிஞ்சும்படி எண்ணெயும் வேறு சரக்குகளும் சேர்த்துப் பக்குவப்படுத்திய குர்குமின். வெறும் தூளில் உள்ளது பெரும்பாலும் குடலோடு போய்விடும். உள்ளே போகும் கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும்.

"மிளகு சேர்த்தால் 2000 சதவீதம் கூடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த எண் பொய்யல்ல. 1998இல் பெங்களூரில் ஆரோக்கியமான ஒருசிலருக்கு 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, கொடுத்துப் பார்த்த கணக்கு. தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவில் இருந்ததுதான் இருபது மடங்கு கூடியது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்றை இருபதால் பெருக்கினாலும் அது பெரிய தொகை ஆகிவிடாது. தேங்காய்ப்பாலில் வேகும் மஞ்சளும் தாளிதத்தில் விழும் மிளகும் நல்ல சேர்க்கைதான். அது சொதியின் ருசிக்கு நல்லது.

பைப்பரின் ஏன் இதைச் செய்கிறது என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. வேண்டாத பொருட்களை மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் வேலையை அது கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது. அப்படி மட்டுப்பட்டால் உள்ளே தங்குவது மஞ்சள் மட்டும் இல்லை. அதே வழியில் வெளியேற வேண்டிய வேறு மருந்துகளும் இரத்தத்தில் தங்கிவிடும். கனடாப் போத்தலின் பின்பக்கத்தை வாசித்தபோது, சிறிய எழுத்தில் மிளகுச்சத்து சேர்த்தது என்று இருந்தது. நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராம் குர்குமின். உணவுச் சேர்மானங்களை மதிப்பிடும் உலக நிபுணர் குழு குர்குமினுக்கு வைத்திருக்கும் தினசரி எல்லை, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 50 கிலோ இருக்கும் சின்னம்மாவுக்கு 150.

"சின்னம்மா, உங்கட கிளினிக் கொப்பியை ஒருக்காத் தாங்கோ" என்றேன். அட்டை கிழிந்து பொலித்தீன் பையில் சுற்றிய கொப்பி. இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று நாலு வருடமாக வார்பரின் எடுக்கிறார், இரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க. மாதாமாதம் இரத்தம் எடுத்து ஒரு எண்ணைப் பார்ப்பார்கள், அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் ஓர் எச்சரிக்கை விட்டது: வார்பரின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மஞ்சள் குளிசை தொடங்கிச் சில வாரங்களில் அந்த எண் பத்தைத் தாண்டியது. அந்த அளவில் எங்கே எப்போது இரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது.

"எத்தினை போட்டனீங்கள்?"

"ஆறோ ஏழோ. ரெண்டை உடைச்சுச் சொதிக்குள்ள கொட்டினன். வீணாக்கக் கூடாதெண்டு. சொதி கைச்சுப்போச்சு."

மிச்சத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மருமகளுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவள் பாவம், அழுதேவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாள். போத்தலில் வார்பரினைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தாலும் இங்கிலீஷில் இருந்ததைச் சின்னம்மா எப்படி வாசிப்பார்?

வேறு சிக்கல்களும் உண்டு. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் மஞ்சள் குளிசைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் இறந்தும் இருக்கிறார். நூற்றில் ஒருவருக்குக்கூட வராத அரிய விளைவு, ஆனால் மிளகுச்சத்து சேர்ந்தவையே இதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. இன்னொன்று எங்கள் பெண்களுக்கு முக்கியமானது. அதிக அளவு குர்குமின் குடலில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏலாமை, மூச்சிரைப்பு, சோர்வு என்று வருகிற பெண்ணுக்கு இரத்தச்சோகையாக இருக்கலாம், தைரொயிட்டாகவும் இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் மஞ்சள் குளிசையைக் கொடுத்தால் சோர்வைக் கூட்டிவிடவும் வாய்ப்புண்டு. கறியில் போடும் அளவுக்கு இந்தப் பயம் எதுவும் வேண்டாம்.

கறி மஞ்சளுக்கு இருக்கும் பயம் வேறு. 2019 இறுதியில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது நினைவிருக்கும். உள்ளூர் விவசாயியைக் காப்பாற்ற என்றார்கள். ஆனால் மஞ்சள் நட்டால் கிழங்கு முற்ற எட்டு ஒன்பது மாதம் வேண்டும். பிறகு அவித்து, இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, நிறையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குள் விலை ஏறிவிட்டது. கிலோ 750 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டார்கள், அந்த விலைக்குக் கடையில் மஞ்சள் இல்லை. பிறகு சில ஆயிரங்களைத் தாண்டியது. இராமேஸ்வரம், மண்டபம் பக்கமிருந்து படகில் மஞ்சள் மூட்டைகள் மன்னார்க் கரைக்கு வந்து பிடிபட்ட செய்திகள் வாராவாரம் வந்தன. எங்கள் சந்தியில் ஐம்பது கிராம் பைக்கற்றை நகைக்கடைக்காரர் மாதிரி மேசைக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் விற்ற தூளில் மஞ்சளைவிட மாவு கூட. சின்னம்மா அந்த வருடம் முழுக்க வெள்ளைச் சொதிதான் வைத்தார். அதனால் யோசனை கூடியதாக அவர் சொன்னதில்லை.

மாவு கலந்தால் பணம்தான் நட்டம். நிறத்துக்காக ஈயக் குரோமேற் பூசினால் மூளைக்கே நட்டம். பங்களாதேசில் கிழங்கை மினுக்க இந்தச் சாயத்தைப் பூசும் வழக்கம் பல வருடம் இருந்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் என்று தேடிப்போனவர்கள் 2019இல் மஞ்சளில் வந்து நின்றார்கள். அங்கே பிறகு அரசு இறங்கி ஒழித்தது. ஈயம் பிள்ளைகளின் அறிவைக் குறைக்கும், பெரியவர்களின் மனநிலையையும் கெடுக்கும். கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறத்தைக் கண்டால் நான் வாங்குவதில்லை. வீட்டுக்குப் பின்னால், கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் நாலு கிழங்கு நட்டால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

இனி, மனதுக்கு என்னதான் வழி? எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான். பாவ்நகரில் மஞ்சளோடு ஓடவிட்ட அந்தப் புளுவோக்செற்றீன், இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கும் குளிசை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தாண்டிய மருந்து இலவசமாக இருக்க, சில சிறிய சோதனைகளை மட்டும் கண்ட மருந்து டொலர் கொடுத்து வாங்கிக் கடல் தாண்டி வருகிறது. முன்னதற்கு 'இங்கிலீஷ் மருந்து' என்று பெயர், பின்னதற்கு 'இயற்கை' என்று பெயர். அந்தப் பெயர் செய்கிற வேலைதான்.

போகாததற்குக் காரணங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ வருகிறவருக்குக் கிளினிக் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். 2022 நெருக்கடியில் பல மருந்துகள் இல்லாமல்போய் வெளியில் வாங்கச் சொன்னார்கள். "விசர் கிளினிக்குக்குப் போறாள்" என்று ஊர் சொல்லும் என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரியது. குளிசையிலும் குறை உண்டு. முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டும், பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் செல்லும். அதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள். விடுவதென்றாலும் டொக்டரிடம் சொல்லி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். குளிசை வேண்டாதவர்களும் உண்டு. லேசான சோர்வுக்கு உளவளத்துணையாளரோடு பேசுவதும் வீட்டைவிட்டு வெளியே இறங்கி ஏதாவது செய்வதும் போதும் என்று டொக்டரே சொல்லக்கூடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் போய்க் காட்ட வேண்டும். சாகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் அந்த நாளே. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச்சேவை கிடைக்கும்.

சின்னம்மாவின் யோசனைக்குக் காரணம் அவரிடம் கேட்டால் ஒரே பெயரைத்தான் சொல்வார், 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாத மூத்த மகனின் பெயர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் அவரும் பல மாதம் போய் இருந்தார். இப்போது முழங்கால் விடுவதில்லை. புளுவோக்செற்றீன் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லாது, மஞ்சளும் சொல்லாது. ஆனால் இரவு மூன்று மணிக்கு எழும்பி முற்றத்தில் இருக்கிற அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம் அல்லவா? அதைத்தான் கேட்டேன்.

"விசர்க் கிளினிக்கே?" என்றார்.

"இல்லைச் சின்னம்மா. நித்திரைக்கு எண்டு கேப்பம். வார்பரின் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுவம், ரெண்டு மருந்தும் ஒண்டோடொண்டு முட்டாமல் அவையள் பாத்துத் தருவினம். புதுக் குளிசை தொடங்கினால் இரத்தத்தையும் கெதியாத் திரும்பப் பாக்கச் சொல்லுவம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வெறும் போத்தலைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். மூடி நல்ல இறுக்கமாம், நற்சீரகம் போட்டு வைக்கலாமாம். கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஐந்தரை பஸ்ஸை விட்டால் இலக்கம் பின்னுக்குப் போய்விடும் என்று இரண்டு தரம் சொன்னார்.